குடல் அழற்சி நோய் தன்னுடல் தாக்குநோயா? ஒரு பெயரின் மீதான விசாரணை

பெயரும் அதன் சுமையும்

அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், குரோன் நோய் ஆகிய இரண்டையும் சேர்த்துக் குடல் அழற்சி நோய் என்கிறோம். முன்னது பெருங்குடலின் உட்சவ்வோடு நிற்பது. மலக்குடலில் தொடங்கி இடைவெளியில்லாமல் மேலேறும். இரத்தமும் சளியுமாகப் போவது அதன் முதல் அடையாளம். பின்னது வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியது. சிறுகுடலின் கடைப்பகுதியை அதிகம் பிடிக்கும், குடற்சுவரின் முழுத் தடிமனையும் அரிக்கும், குடலைச் சுருக்கிவிடும், பவுத்திரம் உண்டாக்கும். இரண்டுமே பெரும்பாலும் இளம் வயதில் வந்து ஆயுள் முழுக்கத் தங்குபவை. இருபது வயதில் இப்படியொரு நோயைக் கேள்விப்படுகிறவர் கேட்கும் முதல் கேள்வி, 'எனக்கு ஏன் வந்தது?' என்பதுதான். மருத்துவமனையிலும் நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களிலும் இதற்கு ஒரு பதில் ஏறத்தாழ நிலைத்துவிட்டது: 'இது ஆட்டோ இம்யூன். உங்கள் நோயெதிர்ப்புச் சக்தியே உங்கள் குடலைத் தாக்குகிறது.'

சுருக்கமாகவும் புரியும்படியும் இருப்பதால் இந்தப் பதில் பரவியது. ஆனால் இதில் மூன்று உரிமைகோரல்கள் ஒளிந்திருக்கின்றன. தாக்குவது நோயெதிர்ப்பு மண்டலம். தாக்கப்படுவது உடலின் சொந்தத் திசு. அந்தத் தாக்குதலே நோயின் தொடக்கம். இவற்றில் முதலாவதை யாரும் மறுப்பதில்லை. மற்ற இரண்டையும் சான்றுகளின் முன் நிறுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. குரோன் நோயைத் தன்னுடல் தாக்குநோய் என்பது தவறு. அல்சரேட்டிவ் கோலைட்டிஸை அப்படிச் சொல்வது இன்னும் நிரூபிக்கப்படாதது. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டுவது, அதுவும் காசநோய் மலிந்த இந்தியாவில், நோயாளியைப் பாதிக்கக்கூடியது. என் வாதம் இதுதான்.

பெயர் வந்த வழி

லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் 1859இல் பெருங்குடல் புண்ணை வயிற்றுக்கடுப்பிலிருந்து பிரித்து எழுதினார். கிளாஸ்கோவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் கென்னடி டால்ஸியல் 1913இல், குடல் தடித்து இறுகிப்போகும் ஒரு நோயை விவரித்தார். அது மாடுகளுக்கு வரும் ஜோனி நோயைப் போலவே இருக்கிறது என்றும், ஆனால் அந்நோய்க்குரிய நுண்ணுயிரைத் தன்னால் காண முடியவில்லை என்றும் குறிப்பிட்டார். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையிலிருந்து குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் 1932இல் 14 நோயாளிகளைப் பற்றி எழுதிய பிறகு, அகர வரிசையில் முதலில் நின்றவரின் பெயர் நோய்க்கு நிலைத்தது. இந்த முன்னோடிகளில் பலர் முதலில் ஐயப்பட்டது கிருமியைத்தான். கிருமி சிக்காதபோது கேள்வி அநாதையாக நின்றது.

அதே காலத்தில் நோயெதிர்ப்பியலில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. உடல் தன்னைத் தானே தாக்காது என்று பால் எர்லிக் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த கொள்கை அரை நூற்றாண்டு ஆட்சி செய்தது. 1956இல் நோயல் ரோஸும் எர்னஸ்ட் விட்டெப்ஸ்கியும் முயல்களில் தைராய்டு அழற்சியை வரவழைத்துக் காட்டினார்கள். அதே ஆண்டு லண்டனில் ராய்ட், டோனியாக் குழு மனிதத் தைராய்டு நோயில் எதிர்ப்பொருள்களைக் கண்டது. எர்லிக்கின் கொள்கை சரிந்தது. காரணம் தெரியாத நாட்பட்ட அழற்சி எதுவானாலும் தன்னுடல் தாக்குநோய் என்ற பெயரின்கீழ் வைக்கலாமோ என்ற ஆவல் பிறந்தது. மூன்றே ஆண்டுகளில், 1959இல், சுவீடனின் புரோபர்கரும் பெர்ல்மானும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் நோயாளிகளின் இரத்தத்தில் பெருங்குடல் திசுவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதாக அறிவித்தார்கள். குடல் அழற்சி நோய் இந்தக் குடும்பத்தில் சேர்ந்த கதை இதுதான். ஆனால் பெர்ல்மான் குழுவே 1965இல் வெளியிட்ட இன்னொரு முடிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதே எதிர்ப்பொருள்கள், குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் ஒரு வகையோடும் ஒட்டிக்கொண்டன. அப்படியானால் அவை முதலில் யாருக்கு எதிராக உருவானவை, குடலுக்கா, குடலில் குடியிருப்பவற்றுக்கா? அறுபது ஆண்டுகளாக நடக்கும் விவாதத்தின் கரு இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

உரைகல்

ஒரு நோயைத் தன்னுடல் தாக்குநோய் என்று ஏற்க விட்டெப்ஸ்கி 1957இல் அளவுகோல்களை வகுத்தார். ரோஸும் கான்ஸ்டன்டின் போனாவும் 1993இல் அவற்றைத் திருத்தி, சான்றுகளை மூன்று படிகளாகப் பிரித்தார்கள். நோயாளியின் எதிர்ப்பொருளோ வெள்ளணுவோ இன்னொரு உடலுக்குப் போய் அங்கும் நோயை உண்டாக்கினால் அது நேரடிச் சான்று. விலங்குகளில் அதே இலக்கை வைத்து நோயை உருவாக்க முடிந்தால் மறைமுகச் சான்று. குடும்பத்தில் பரவுவது, பிற தன்னுடல் தாக்குநோய்களோடு சேர்ந்து வருவது, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துக்கு இணங்குவது ஆகியவை சூழ்நிலைச் சான்றுகள் மட்டுமே.

நேரடிச் சான்றுக்கு இயற்கையே ஒரு சோதனை நடத்திக் காட்டுகிறது. தசைகளைத் தளரச் செய்யும் மயஸ்தீனியா கிராவிஸ் நோய் உள்ள தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகின்றன. பிறந்த குழந்தை சில வாரங்கள் தளர்ந்து கிடந்து பிறகு தேறுகிறது. கிரேவ்ஸ் நோயிலும் இப்படி நடப்பதுண்டு. குடல் அழற்சி நோயுள்ள தாய்மார் பெறும் குழந்தைகளிடம் இத்தகைய தற்காலிகக் குடல் அழற்சி வழக்கமாகக் காணப்படுவதில்லை. குடும்பத் தொடர்பு உண்டு, ஆனால் குடும்பத் தொடர்பு காசநோய்க்கும் தொழுநோய்க்கும் உண்டு. மூட்டுவலி, கண் அழற்சி, தோலில் செந்தடிப்பு முதலியன குடலுக்கு வெளியே வருவதும் உண்மைதான். அவையும் காசநோயில் வருபவையே. தன்னுடல் தாக்குநோய்கள் பெரும்பாலும் பெண்களையே அதிகம் நாடுகின்றன. லூபஸ், தைராய்டு நோய்களில் இந்த வேறுபாடு மிகப் பெரிது. குடல் அழற்சி நோயில் ஆண் பெண் இருவரும் ஏறத்தாழச் சமமாகவே இருக்கிறார்கள். இதை மட்டும் வைத்து எதையும் மறுக்க முடியாது என்றாலும், உறவினர் வரிசையில் இந்த முகம் சற்று வேறுபட்டுத் தெரிகிறது.

மருத்துவர்கள் பயன்படுத்தும் இரண்டு இரத்தப் பரிசோதனைகளையும் இங்கே எடைபோட வேண்டும். ஒன்று பி-ஆன்கா. வெள்ளணுக்களில் ஒரு வகையை நோக்கிய இந்த எதிர்ப்பொருள் கோலைட்டிஸ் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இருக்கிறது. ஆனால் நோய் ஏறி இறங்குவதோடு சேர்ந்து அது ஏறி இறங்குவதில்லை. அதன் இலக்கும் குடல் திசு அல்ல. இன்னொன்று குரோன் நோயோடு இணைத்துப் பேசப்படும் ஆஸ்கா. அதன் இலக்கு மனித உடலே இல்லை, ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட். இந்தியச் சூழலில் இதற்கு மேலும் ஒரு பாடம் உண்டு. டெல்லி எய்ம்ஸில் கோவிந்த் மகாரியா குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்காவை வைத்துக் குரோன் நோயையும் குடல் காசநோயையும் பிரிக்க முடியவில்லை. காசநோயில் புண்ணான குடலும் அதே எதிர்ப்பொருளைச் சுரக்கிறது என்றால், அது நோயின் காரணம் என்பதைவிட, வேலி உடைந்த குடலின் விளைவு என்று கொள்வதே பொருத்தம்.

மலத்தின் ஓட்டம் சொல்வது

இந்த விவாதத்தில் என்னை மிகவும் இணங்கவைத்த சான்று ஆய்வகத்திலிருந்து வந்ததல்ல, அறுவைக் கூடத்திலிருந்து வந்தது. குரோன் நோயாளிகளின் கெட்டுப்போன சிறுகுடல் நுனியை வெட்டி நீக்கிக் குடலை மறுபடி இணைத்தால், இணைப்புக்குச் சற்று மேலே நோய் மீண்டும் வருவது வழக்கம். பெல்ஜியத்தின் லூவன் நகரில் பால் ரட்கீர்ட்ஸ் குழு, இணைப்புக்கு மேலேயே குடலை வயிற்றின் வெளியே திறந்துவிட்டு, மலம் இணைப்பைத் தாண்டிப் போகாமல் செய்தது. 1991இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: அப்படிச் செய்த 5 பேரில் ஒருவருக்கும் ஆறு மாதங்களில் நோய் திரும்பவில்லை. மலம் வழக்கம்போல் ஓடிய 75 பேரில் 53 பேருக்குத் திரும்பிவிட்டது. அதே குழு 1998இல் இன்னும் ஒரு படி மேலே போனது. மலம் படாமல் அமைதியாயிருந்த குடற்பகுதிக்குள், மூன்று நோயாளிகளின் சொந்தக் குடற்சாற்றையே செலுத்தியது. எட்டே நாளில் திசுவில் அழற்சி தொடங்கிவிட்டது. அதற்கு முன்பே, 1985இல், பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு கழிவை நுண்ணுயிரற்றதாக வடிகட்டிச் செலுத்திப் பார்த்திருந்தது. வடிகட்டிய நீர் நோயைத் தூண்டவில்லை, வடிகட்டாதது தூண்டியது.

இந்தச் சோதனைகளில் கலந்துகொண்டோர் எண்ணிக்கை சிறியது என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் அவை கேட்ட கேள்வி நேரானது. உடல் தன் திசுவைத் தாக்குகிறது என்றால், மலம் விலகியதும் திசுவின் அடையாளம் மாறிவிடவில்லையே; தாக்குதல் ஏன் நின்றது? தைராய்டின் தன்னுடல் தாக்குநோயான ஹாஷிமோட்டோ நோய் இப்படி எதைத் திருப்பிவிட்டாலும் நிற்காது. விலங்குச் சோதனைகளும் இதே திசையைக் காட்டுகின்றன. அழற்சியை அணைக்கும் இன்டர்லூகின்-10 என்ற புரதம் இல்லாத எலிகளுக்குக் குடல் அழற்சி வருவதை 1993இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அதே எலிகளை நுண்ணுயிரே இல்லாத கூண்டில் வளர்த்தபோது நோய் வரவில்லை. அந்தப் புரதத்தின் ஏற்பியில் பிறவிக் குறையுள்ள மனிதக் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே கடும் குடல் அழற்சி வருவது 2009இல் தெரிந்தது. எலும்பு மஜ்ஜை மாற்றினால் அது அடங்குகிறது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் டுக்மான் குழு 1995இல் சொன்னதை இவற்றோடு சேர்த்துப் படித்தால் படம் தெளிவாகிறது. நலமாயிருப்பவரின் வெள்ளணுக்கள் அவருடைய குடல் பாக்டீரியாவைக் கண்டு பொறுத்துக்கொள்கின்றன. குடல் அழற்சி நோயாளியின் வெள்ளணுக்கள் தம் சொந்தக் குடலின் பாக்டீரியாவையே பொறுக்காமல் கொதிக்கின்றன. முறிந்துபோன பொறுமை, 'தான்' மீதானது அல்ல. தன்னோடு குடியிருப்பவற்றின் மீதானது.

இங்கே ஒரு கூர்மையான மறுப்பு எழலாம். கோடிக்கணக்கான ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்து, நம் உணவைச் செரித்து, வைட்டமின் தரும் அந்த நுண்ணுயிர்க் கூட்டத்தை 'பிற' என்று எப்படிச் சொல்வது? அதுவும் 'தான்' தானே? தத்துவமாக இதில் அழகு உண்டு. ஆனால் வைத்தியத்துக்கு இது உதவாது. சொந்தத் திசுவைக் குடலிலிருந்து அகற்ற முடியாது. நுண்ணுயிர்களையோ உணவாலும் மருந்தாலும் மாற்றலாம். எய்ம்ஸில் சௌரப் கேடியா, வினீத் அகுஜா குழு அழற்சி தணிக்கும் உணவோடு ஆரோக்கியமானவர்களின் மல நுண்ணுயிர்களை மாற்றிச் செலுத்தி, 2022இல் கோலைட்டிஸ் நோயாளிகளிடம் பலன் காட்டியது இந்த வேறுபாட்டால்தான் சாத்தியமானது.

மரபணுக்களும் வேலூரின் பாடமும்

2001இல் பாரிஸிலும் அமெரிக்காவிலும் ஒரே சமயத்தில் கண்டறியப்பட்ட நாட்-2 என்ற மரபணு, குரோன் நோய் ஆய்வில் பெரிய திருப்பம். பாக்டீரியாவின் சுவரில் உள்ள ஒரு துணுக்கைச் செல்லுக்குள் உணர்வது அதன் வேலை. ஐரோப்பியக் குரோன் நோயாளிகளிடம் காணப்படும் மாற்றங்கள் அந்த உணர்வை மழுங்கச் செய்கின்றன. அதாவது அந்த நோயாளிகளின் பாதுகாப்பு, குடலின் எல்லையில் மிகையாக இல்லை; குறையாக இருக்கிறது. பின்னர் கண்டறியப்பட்ட ஏடிஜி16எல்1 என்ற மரபணுவும், செல்லுக்குள் புகுந்த பாக்டீரியாவை விழுங்கிச் செரிக்கும் வேலையோடு தொடர்புடையதே. லண்டனில் ஆண்டனி சீகல் குழு 2006இல் கொல்லப்பட்ட ஈ. கோலை பாக்டீரியாவைக் குரோன் நோயாளிகளின் தோலுக்கடியில் செலுத்திப் பார்த்தது. மற்றவர்களிடம் எழுந்த அளவு எதிர்வினை அவர்களிடம் எழவில்லை. 2012இல் 163 மரபணு இடங்களைத் தொகுத்த பன்னாட்டு ஆய்வு, அவற்றில் பல தொழுநோய் போன்ற மைக்கோபாக்டீரிய நோய்களுக்கான ஆளாகும் தன்மையோடு ஒன்றுபடுவதைச் சுட்டியது. முன்னதாக 2009இல் சீனத் தொழுநோயாளிகளிடம் நடந்த ஆய்விலும் நாட்-2 வெளிப்பட்டிருந்தது. காப்பு பலவீனமாக இருப்பதால் கிருமியும் துணுக்குகளும் தேங்கி, அதைச் சமாளிக்க இரண்டாம் வரிசைப் படை மிகையாக எழுகிறது என்பதே இவை ஒன்றுசேர்ந்து சொல்வது. மாண்ட்ரியாலின் மார்செல் பேர் குழு 2010இல் 'லான்செட்' இதழில், குரோன் நோய்க்குத் தன்னுடல் தாக்குநோய் என்ற முத்திரை தவறானது என்று வாதிட்டதன் அடிப்படை இதுவே.

ஆனால் ஐரோப்பியச் சான்றை நம் மக்கள் மீது அப்படியே ஏற்றிவிடக் கூடாது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் புகழேந்தி, ராமகிருஷ்ணா உள்ளிட்டோர் 2008இல் இந்தியக் குரோன் நோயாளிகளிடம் நாட்-2இன் பொதுவான மாற்றங்களைத் தேடியபோது அவை இல்லவே இல்லை. ஐரோப்பிய மரபணு இல்லாமலும் இந்தியக் குடல் அதே நோயை அடைகிறது. இது என் வாதத்தைக் குலைக்கிறதா? மேலோட்டமாகப் பார்த்தால் ஆம். ஆனால் வேலூர்க் குழு 2011இல் சூழல் காரணிகளைத் தேடியபோது, வீட்டு வளாகத்தில் மாடு இருந்தவர்களிடம் குரோன் நோய் குறைவாகவும், பாதுகாக்கப்பட்ட குடிநீர் பயன்படுத்தியவர்களிடம் அதிகமாகவும் காணப்பட்டது. தொடர்பு வேறு, காரணம் வேறு என்பதை மறக்க வேண்டியதில்லை. இருந்தாலும் இரண்டும் நுண்ணுயிர்ச் சூழலையே சுட்டுகின்றன. இதே வேலூரில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் பல பத்தாண்டுகளுக்கு முன் நடத்திய ஆய்வுகள், நோயில்லாத தென்னிந்தியரின் சிறுகுடலிலேயே ஐரோப்பியக் குடலில் காணாத மாற்றங்கள் இருப்பதைக் காட்டியிருந்தன. நம் குடற்சவ்வு எப்போதும் சற்று விழிப்பாகவே இருந்து வந்திருக்கிறது. அந்த விழிப்பு நோயாக மாறவில்லை. மாறத் தொடங்கியிருப்பது அண்மையில்தான். லூதியானாவின் அஜித் சூட் குழு பஞ்சாபில் வீடு வீடாகச் சென்று 51,910 பேரை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட கணக்கில், இலட்சத்துக்கு 44.3 பேருக்குக் கோலைட்டிஸ் இருந்தது. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் குடியேறிய இந்தியர்களுக்கு, அங்குள்ள வெள்ளையரைவிட ஏறக்குறைய இரு மடங்கு கோலைட்டிஸ் வந்ததை 1992இல் எழுதியவர்களில் ஒருவர், பின்னாளில் சென்னையில் பணியாற்றிய வி. ஜெயந்தி. ஒரு தலைமுறைக்குள் மரபணு மாறாது. மாறியது உணவும் நீரும் மண்ணும்.

மருந்து வேலை செய்தால் போதுமா?

மருத்துவர்களிடமிருந்து வரும் வலுவான ஆட்சேபம் இது: ஸ்டீராய்டு, அசதியோபிரின், இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளால் இந்நோய் தணிகிறதே, அதுவே போதுமான சான்று ஆகாதா? ஆகாது. காசநோய் மூளைக்காய்ச்சலில் கிருமிக்கொல்லி மருந்துகளோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தால் இறப்பு குறைகிறது என்று 2004இல் வியட்நாமில் நடந்த ஆய்வு நிறுவியது. அதனால் காசநோயைத் தன்னுடல் தாக்குநோய் என்று யாரும் சொல்வதில்லை. அழற்சியை அணைக்கும் மருந்து அழற்சி இருக்கிறது என்பதைச் சொல்லும். அது எங்கிருந்து மூண்டது என்பதைச் சொல்லாது.

மருந்துகளை இன்னும் உற்றுப் பார்த்தால் அவை எதிர்த்திசையில் சாட்சி சொல்கின்றன. முடக்குவாதத்துக்கு உதவும் எட்டனர்செப்ட் குரோன் நோயில் பலன் தரவில்லை. முடக்குவாதத்தில் பயனுள்ள அபடாசெப்ட், இரு குடல் நோய்களிலும் 2012இல் தோற்றது. எதிர்ப்பொருள் சுரக்கும் பி-செல்களை ஒழிக்கும் ரிடுக்சிமாப் 2011இல் கோலைட்டிஸில் தோற்றது. சொரியாசிஸுக்கு அருமருந்தான செகுகினுமாப் குரோன் நோயாளிகளிடம் பலன் தராததோடு, நோயை மோசமாக்கியதாகவும் 2012இல் தெரியவந்தது. அந்த மருந்து தடுக்கும் புரதம் குடற்சவ்வின் காவலுக்குத் தேவையானது என்பதே இதற்கான விளக்கம். மறுபுறம், பெருங்குடலை நீக்கிச் சிறுகுடலால் பை அமைத்துக்கொண்டவர்களுக்கு அந்தப் பையில் வரும் அழற்சி, சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல் போன்ற சாதாரண ஆன்டிபயாடிக்குகளுக்குப் பெரும்பாலும் இணங்குகிறது.

இதே அளவுகோல் கிருமிக் கோட்பாட்டுக்கும் பொருந்த வேண்டும். டால்ஸியல் ஐயப்பட்ட மாட்டுக் கிருமிதான் குரோன் நோய்க்குக் காரணம் என்று நம்புவோர் இன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவில் அக்கிருமிக்கு எதிராக மூன்று ஆன்டிபயாடிக்குகளை இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. தொடக்கத்தில் தெரிந்த பலன் நிலைக்கவில்லை. ஒற்றைக் கிருமி என்ற எளிய விடைக்கும் சான்று போதவில்லை.

கோலைட்டிஸ்: முடியாத வழக்கு

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி குரோன் நோயைப் பற்றியது. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் அவ்வளவு எளிதில் தீர்ப்புக்கு வராது. அதன் மரபணுச் சாட்சியத்தில் முதலிடம் எச்.எல்.ஏ. பகுதிக்கு, தன்னுடல் தாக்குநோய்களின் வழக்கமான முகவரி அதுதான். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.கே. தெல்மா குழு வட இந்திய நோயாளிகளிடம் நடத்திய ஆய்விலும் அந்தப் பகுதி வலுவாக வெளிப்பட்டது. நியூ ஜெர்சியில் பணியாற்றிய கிரண் தாஸ், பெருங்குடல் செல்லின் டிரோப்போமயோசின் என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்களை 1993இல் அடையாளம் காட்டினார். அது நெடுங்காலம் தனித்த குரலாகவே இருந்தது. பிறகு 2021இல் கியோட்டோ பல்கலைக்கழகக் குழு, குடற்சவ்வின் செல்களை அவற்றின் அடித்தளத்தோடு பிடித்துவைக்கும் ஓர் இன்டெக்ரின் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள், கோலைட்டிஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இருப்பதாக அறிவித்தது. அமெரிக்க ராணுவத்தினரின் சேமித்த இரத்தத்தை ஆராய்ந்தவர்கள் 2023இல், நோய் கண்டறியப்படுவதற்குப் பத்தாண்டு முன்பே சிலரிடம் அது இருந்ததைக் காட்டினார்கள். விளைவு காரணத்துக்கு முன்னால் வராது என்பதால், இந்தச் சான்றை எளிதாக ஒதுக்க முடியாது.

இதோடு சீலியாக் நோயின் உவமையையும் சேர்த்தால் எதிர்த்தரப்பு வாதம் இன்னும் பலம் பெறுகிறது. கோதுமைப் புரதம் என்ற வெளிப்பொருள் தூண்டினாலும் சீலியாக் நோயைத் தன்னுடல் தாக்குநோய் என்றே ஏற்கிறோம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்றில் தொடங்கி இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலும் அப்படியே. பாக்டீரியா தூண்டுகிறது என்பதற்காகக் கோலைட்டிஸுக்கு மட்டும் ஏன் விலக்கு? நியாயமான கேள்வி. சீலியாக் நோயில் 1997இல் அடையாளம் காணப்பட்ட டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற திட்டமான இலக்கு உண்டு; ருமாட்டிக் காய்ச்சலில் கிருமியின் புரதத்துக்கும் இதயத் தசையின் புரதத்துக்கும் உள்ள ஒற்றுமை தெரிந்தது. கோலைட்டிஸில் இன்டெக்ரின் எதிர்ப்பொருள் அந்த இடத்தைப் பிடிக்கக்கூடும். ஆனால் அதுவே புண்ணை உண்டாக்குகிறது என்பது இன்னும் நிறுவப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் பத்தாண்டு கசிந்த சவ்வின் தொடக்க அடையாளமாகவும் அது இருக்கலாம். ரிடுக்சிமாப் தோற்றதையும் இங்கே முடிவான சான்றாக வைக்க மாட்டேன். எதிர்ப்பொருளை நெடுங்காலம் சுரந்துகொண்டே இருக்கும் முதிர்ந்த செல்களை அந்த மருந்து தொடுவதில்லை. குரோன் நோயிலும் தன்னெதிர் எதிர்ப்பொருள் ஒன்று உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற புரதத்தை முடக்கும் அது, சில நோயாளிகளிடம் நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே காணப்படுகிறது. ஆனால் அது தாக்குவது குடலை அல்ல, நோயெதிர்ப்பை இயக்கும் ஒரு சமிக்ஞையை. பலன், காப்பு மேலும் பலவீனமாவது. குரோன் நோயை எந்த வழியில் அணுகினாலும் குறைபாட்டின் வாசலிலேயே வந்து நிற்கிறோம்.

ஆய்வாளர்கள் மெக்கோனகலும் மெக்டெர்மாட்டும் நோயெதிர்ப்பு நோய்களுக்கு 2006இல் முன்வைத்த வகைப்பாடு இந்தச் சிக்கலுக்கு ஒரு நாகரிகமான வழி. பிறவியிலேயே அமைந்த முதல்நிலைக் காப்பு தடுமாறுவதால் வரும் நோய்கள் ஒரு முனை. எதிர்ப்பொருளும் நினைவு வெள்ளணுக்களும் சொந்தத் திசுவைக் குறிவைக்கும் நோய்கள் மறுமுனை. இடையில் ஒரு நீண்ட தொடர். அவர்கள் இரு குடல் நோய்களையும் முதல் முனைக்கு அருகில் வைத்தார்கள். 2021க்குப் பிறகு கோலைட்டிஸைச் சற்று நடுவுக்கு நகர்த்தலாம் என்பது என் மதிப்பீடு.

காசநோய் நாட்டில்

பெயரில் என்ன இருக்கிறது, மருந்து ஒன்றுதானே என்று கேட்கலாம். இந்தியாவில் மருந்து ஒன்றல்ல. குடல் காசநோயும் குரோன் நோயும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் அதே இடத்தையே நாடுகின்றன. கொலோனோஸ்கோபியில் ஒரே மாதிரிப் புண், பயாப்ஸியில் ஒரே மாதிரிக் கிரானுலோமா. எது என்று தெரியாமல் காசநோய் மருந்தைச் சில மாதம் கொடுத்து, புண் ஆறுகிறதா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டிய நிலை இன்றும் நம் மருத்துவர்களுக்கு உண்டு. ஒன்றுக்குக் கிருமிக்கொல்லி, மற்றதற்கு நோயெதிர்ப்பு அடக்கி. மாற்றிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. இன்ஃப்ளிக்ஸிமாப் எடுத்தவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். அந்நாட்டில் காசநோய் அரிது. மறைந்த நிலையில் காசநோய்க் கிருமியைச் சுமப்போர் கோடிக்கணக்கில் இருக்கும் நாட்டில், 'உங்கள் எதிர்ப்புச் சக்தி மிகையாகிவிட்டது, அதை அடக்க வேண்டும்' என்ற ஒற்றைச் சொல்லாடல், நோயாளியையும் சில சமயம் மருத்துவரையும் அவசரப்படுத்தும். 'உங்கள் குடலின் காவல் பலவீனமாகிவிட்டது, அதனால் எழுந்த தீயை அணைக்கிறோம், காவலையும் மீட்க வேண்டும்' என்று சொன்னால் அதே மருந்து வேறு எச்சரிக்கையோடு கொடுக்கப்படும், வேறு எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளப்படும்.

மைசூரில் செய்யக்கூடியது

கோலைட்டிஸ் பற்றிய வழக்கு எந்தச் சான்றால் முடியும் என்பது இப்போது தெரிகிறது. நோய் வருவதற்கு முன்பே சேகரித்த இரத்தமும் மலமும் உணவுக் குறிப்பும், ஆண்டுக்கணக்கில் பின்தொடரப்பட்ட மக்களும் வேண்டும். அமெரிக்காவுக்கு அதை ராணுவம் தந்தது. இந்தியாவில் அத்தகைய பொறுமைக்கு முன்மாதிரி மைசூரில் இருக்கிறது. மண்டி மொஹல்லாவில் 'மிஷன் ஆஸ்பத்திரி' என்று ஊரார் அழைக்கும் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை, 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடையைப் பதிவேட்டில் குறித்து வைத்திருந்தது. அந்தப் பதிவேட்டைக் கொண்டு, வளர்ந்த 517 பேரைத் தேடிப்பிடித்து, பிறப்பு எடைக்கும் இதய நோய்க்கும் உள்ள உறவை 1996இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். 1997-98இல் அங்கே தொடங்கிய பார்த்தினான் ஆய்வு, கர்ப்பத்திலிருந்தே குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. சில நூறு பேரைக் கொண்ட இந்த ஆய்வுகளால், இலட்சத்துக்கு 44 பேரைத் தொடும் நோயைப் பிடிக்க முடியாது. ஆனால் ஒரு நகரம் தன் மக்களைத் தலைமுறை தாண்டிப் பின்தொடர முடியும் என்பதை அவை நிரூபித்திருக்கின்றன. அதே நகரில், 1950இல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பதப்படுத்திய உணவில் சேரும் குழைமமாக்கிகள் எலிகளின் குடற்சளிப் படலத்தைப் பாதித்து அழற்சியைத் தூண்டுவதை 2015இல் 'நேச்சர்' இதழில் கண்ட பிறகு, இந்தியத் தட்டில் அவை என்ன செய்கின்றன என்று கேட்க அதைவிடத் தகுந்த இடம் இல்லை. 1924இல் தொடங்கிய மைசூர் மருத்துவக் கல்லூரியும், அதன் கே.ஆர். மருத்துவமனைக்குச் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து வரும் நோயாளிகளும் இருக்கிறார்கள். பிறப்புப் பதிவேடு, உணவு ஆய்வகம், பொது மருத்துவமனை மூன்றும் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் நிற்கும் ஊர் இந்தியாவில் அதிகம் இல்லை. இவை கைகோத்துப் பல்லாயிரம் பேரைக் கொண்ட ஒரு தொடர் ஆய்வைத் தொடங்க வேண்டும். அதுவரை நம் மருத்துவர்கள் நோயாளியின் சீட்டில் 'ஆட்டோ இம்யூன்' என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, 'நோயெதிர்ப்பு வழி அழற்சி' என்று எழுதட்டும். குரோன் நோயையும் கோலைட்டிஸையும் தனித்தனியே விளக்கட்டும்.